மாம்பழத்தின் கரும்புள்ளிக்கு யார் பொறுப்பு?



சென்ற மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கரையான்சாவடியில் பல வருடங்களாக என் கடையில் மாதச் சாமான் வாங்கும் அம்மா ஒருவர் கையில் பையோடு வந்தார். பையிலிருந்து நான்கு பங்கனப்பள்ளிப் பழங்களை எடுத்துக் கல்லா மேசைமீது வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கரும்புள்ளிகள். சில புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பரவியிருந்தன.

"என்ன அண்ணாச்சி, முந்தாநாள் வாங்கினப்போ தங்கம் மாதிரி இருந்துச்சு. இப்ப பாருங்க, அம்மை போட்ட மாதிரி இருக்கு. கல்லு வச்சுப் பழுக்க வச்சதுதானே இது?" என்றார்.

மறுபேச்சு பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் போகும்போது, பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காதில் விழும்படி, "இனிமே பழம் வேற எங்கயாவது பாத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். திருப்பிக் கொடுத்த பணம் நூற்றுச் சொச்சம். அந்தச் சொல்லுக்கு விலை போட என்னால் முடியவில்லை.

அன்று இரவு கணக்குப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை கோயம்பேட்டில் எடுத்தது மூன்று கிரேடு. கிரேடுக்கு இருபது கிலோ வீதம் அறுபது கிலோ. நானே புரட்டிப் பார்த்து எடுத்த சரக்கு. ஒரு பழத்தில்கூடக் கறை கிடையாது. மூன்றாம் நாள் பதினான்கு கிலோ புள்ளி விழுந்து ஒதுங்கிவிட்டது. கிலோவுக்குப் பத்து ரூபாய் வைத்து விற்கிறவனுக்கு அறுபதில் பதினான்கு கழிவு என்றால், லாபம் போனதோடு முதலுக்கும் மோசம் என்று பொருள்.

நான் கல் வைக்கவில்லை. மண்டிக்காரரைக் கேட்டேன். தானும் வைக்கவில்லை என்றார். "வந்த சரக்கை வந்தபடி கொடுத்தேன். உங்க கடையில தகரக் கூரை, சூடு அதிகம்" என்று என் தலையிலேயே திருப்பி வைத்தார். வாடிக்கையாளர் என்னைச் சொல்கிறார். நான் மண்டியைச் சொல்கிறேன். மண்டி என் கூரையைச் சொல்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதைதான்.

அந்தப் பாவம் எந்த இடம் என்று தெரிந்துகொள்ளாமல் இன்னொரு பருவம் மாம்பழம் விற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தெரிந்துகொண்டதை நம் சங்க உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

தோப்பில் பார்த்தது

காவேரிப்பட்டினம் பக்கத்தில் எங்கள் சம்பந்தி வீட்டாருக்குத் தோப்பு இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது மேற்படி சமாசாரத்தைச் சொன்னேன். சம்பந்தி எதுவும் பேசாமல் எழுந்து என்னைத் தோப்புக்குள் அழைத்துப் போனார். அவர் பையூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கு அவ்வப்போது போய் விவரம் கேட்டு வருகிறவர்.

நெருக்கமாகக் கிளை பின்னிய ஒரு மரத்தடியில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொன்னார். நுனி காய்ந்த குச்சிகள், கருகித் தொங்கும் பழைய பூங்கொத்துக் காம்புகள், பழுப்புப் புள்ளி விழுந்து நடுவில் ஓட்டையான இலைகள். "சம்பந்தி, நீங்க தேடுற ஆள் இங்கதான் குடியிருக்கான். மூணு மாசத்துக்கு முன்னாடியே உங்க பழத்துல ஏறிட்டான். கடையில வந்து முகத்தைக் காட்டினான், அவ்வளவுதான்" என்றார்.

இந்த நோய்க்கு ஆந்த்ரக்னோஸ் என்று பெயர். கரி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் வழக்கில் கரும்புள்ளி நோய் என்று சொன்னால் போதும். கொலட்டோட்ரைக்கம் என்னும் பூசணம், அதாவது பூஞ்சைக் காளான், இதை உண்டாக்குகிறது. காய்ந்த குச்சியிலும் பழைய இலையிலும் கருகிய பூங்கொத்திலும் அது தங்கியிருக்கும். மழைத் துளியோ கனத்த பனியோ பட்டால் அதன் வித்துகள் தெறித்துத் தளிருக்கும் பூவுக்கும் பிஞ்சுக்கும் போய்ச் சேரும். கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் மா பூக்கிறது. அந்தச் சமயத்தில் மழை மூட்டமும் ஈரப்பதமும் சேர்ந்தால் பூங்கொத்தே கருகி உதிரும். தப்பிய பிஞ்சில் சில உதிரும். உதிராமல் நின்ற காயில்தான் நம் வில்லங்கம் தொடங்குகிறது.

தூங்கி விழிக்கும் பூசணம்

காயின் தோலில் விழுந்த வித்து முளைத்து, தோலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன ஒட்டுறுப்பை உண்டாக்கும். அதற்கு மேல் நகராது. பச்சைக் காயின் தோலிலும் பாலிலும் பூசணத்தைத் தடுத்து நிறுத்தும் பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. ஆகவே பூசணம் சாகாமலும் வளராமலும் காத்துக் கிடக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பறிக்கிறவருக்கும் தெரியாது, ஏற்றுகிறவருக்கும் தெரியாது, கோயம்பேட்டில் புரட்டிப் பார்த்து எடுக்கும் நமக்கும் தெரியாது.

காய் பழுக்கத் தொடங்கியதும் அந்தத் தடுப்புப் பொருள்கள் குறைகின்றன. சர்க்கரை ஏறுகிறது, தோல் இளகுகிறது. அப்போது பூசணம் விழித்துக்கொள்கிறது. வைக்கோலில் பழுத்தாலும் சரி, எத்திலீன் அறையில் பழுத்தாலும் சரி, மரத்திலேயே பழுத்தாலும் சரி, பழுப்பதுதான் அதற்கு அழைப்பு. இரண்டு மூன்று நாளில் புள்ளி கிளம்பிவிடும். அந்த இரண்டு மூன்று நாளும் பழம் எங்கே இருக்கிறது? நம் கடையில். அல்லது நம்மிடம் வாங்கியவர் வீட்டில். மூன்று மாதத்துக்கு முன்பு தோப்பில் நேர்ந்த குற்றம், கடைசிக் கையில் பிடிபடுகிறது. கடைசிக் கை நம்முடைய கை.

கடையில் இனங்காண்பது எப்படி?

எல்லாக் கறையும் இந்த நோயல்ல. பார்த்துப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் மண்டியில் பேசவும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும் நமக்குத் தெம்பு இருக்கும்.

கரும்புள்ளி நோயில் புள்ளி சிறியதாகத் தொடங்கும். நாளுக்கு நாள் பெருகும். சற்றே குழிந்து, ஒன்றோடொன்று சேரும். காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்த மாதிரிக் கறுப்புத் தாரை இருந்தால், பூங்கொத்திலிருந்து மழைநீரோடு வித்து வழிந்து வந்த பாதை அது. காற்றில் ஈரம் மிகுந்தால் முற்றிய புள்ளியின்மேல் இளஞ்சிவப்பான பசை போன்ற பொருள் படியும். அது அடுத்த வித்துக் கூட்டம். தொடக்கத்தில் புள்ளி தோலோடு நிற்கும். பிறகு சதைக்குள் இறங்கும்.

காம்பழுகல் வேறு பூசணத்தின் வேலை. காம்பைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் தொடங்கி, மளமளவென்று கீழே இறங்கிப் பழம் நொளநொளத்துப் போகும்.

கரும்படலம் என்பது, தத்துப்பூச்சி போன்றவை கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளரும் மேல்பூச்சு. ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். பழத்துக்குக் கேடில்லை.

பால் கறை, பறிக்கும்போது காம்பு ஒடிந்து பால் வழிந்து தோலைச் சுட்டதால் வருவது. இருந்த அளவிலேயே நிற்கும். நோயைப் போல நாளுக்கு நாள் பெருகாது.

பழ ஈ குத்தின பழத்தில் ஊசி முனை அளவு துளை இருக்கும். அந்த இடம் அமுங்கும். அறுத்தால் புழு தெரியும்.

அப்படியானால் கல் வைத்த பழம்? இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். தோலில் கருங்கறை உள்ள பழம் கார்பைட் கல்லால் பழுக்க வைத்ததாக இருக்கலாம், அதைத் தவிர்த்துவிடுங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே பொதுமக்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த அம்மா சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. கரும்புள்ளி இருப்பதால் மட்டும் அது கல் வைத்த பழம் ஆகிவிடாது என்பது உண்மை. ஆனால் நம் தொழிலில் கல் வைக்கிறவர் ஒருவர்கூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியாதவரை, அந்த உண்மை கல்லா மேசையில் எடுபடாது. கல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் இருந்த காலத்திலேயே தடை. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தடை. 2016 முதல் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். அளவு வரை முறைப்படி பயன்படுத்த அனுமதி இருக்கிறது. வழி திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிக்கிறவரால், வாசல் வழியாக வருகிறவருக்கும் திருட்டுப் பட்டம்.

மரம் ஒருவருக்கு, பழம் ஒருவருக்கு

இந்த நோயைக் கட்டுப்படுத்த வழியில்லையா என்று சம்பந்தியிடம் கேட்டேன். "வழி எல்லாருக்கும் தெரியும். செய்யத்தான் ஆளில்லை" என்றார்.

வழிகளில் முதலாவது, கத்தரிப்பு. அறுவடை முடிந்ததும் காய்ந்த குச்சிகளையும் நோய் கண்ட கிளைகளையும் வெட்டி, நடுமரத்துக்கு வெயிலும் காற்றும் படும்படி திறந்துவிட வேண்டும். வெட்டியதையும் உதிர்ந்து கிடப்பதையும் தோப்பைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். நோயின் வித்துச் சேமிப்பே அதில்தான் இருக்கிறது. இதற்கு மருந்துச் செலவு ஒரு பைசா இல்லை, ஆள் கூலிதான்.

இரண்டாவது, பூக்கும் பருவத்துப் பாதுகாப்பு. பூங்கொத்து வெளிவரும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் வானிலையைப் பார்த்துத் தெளிப்பது. தாமிரம் கலந்த பூசணக்கொல்லிகளும் மாங்கோசெப் போன்றவையும் நெடுநாளாகப் பயன்பாட்டில் இருப்பவை. எதை, எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் என்பது தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுச் செய்ய வேண்டியது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் அதற்குப் பழகிவிடும். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற கணக்கை மீறினால் மருந்து எச்சம் பழத்தோடு நம் கடைக்கு வரும். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரைப் பூங்கொத்துகளில் தெளிப்பதையும் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

மூன்றாவது, அறுவடையும் அதற்குப் பிந்திய பக்குவமும். காயைக் கொஞ்சம் காம்போடு பறித்து, பிறகு காம்பைக் கிள்ளிக் கவிழ்த்துவைத்துப் பால் வடிய விட வேண்டும். மண்ணில் போட்டு உருட்டக் கூடாது. பறித்த சூட்டோடு 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பத்து நிமிடம் போல அமிழ்த்தி எடுத்து உலர்த்தினால், தோலில் தூங்கும் பூசணத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். வெப்பம் குறைந்தால் பலனில்லை, கூடினால் தோல் வெந்துவிடும். வெப்பமானி வைத்துச் செய்கிற வேலை இது. நம் கடைப் பின்கட்டில் அண்டாவை வைத்துக் கைப்பதத்தில் செய்து பார்க்கிற வேலை அல்ல.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? பல தோப்புகளில் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே மகசூலைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். மரம் ஒருவருக்கு, பழம் ஒருவருக்கு. குத்தகைக்காரர் அந்த ஒரு பருவத்துக்கு வந்தவர். அடுத்த வருடம் யாருக்கோ போகப்போகிற மரத்தைக் கூலி கொடுத்து ஏன் கத்தரிக்க வேண்டும் என்று நினைக்கிறார். தோப்புக்காரரோ, பழம் தன்னுடையதில்லை, மருந்துச் செலவு தனக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறார். இரண்டு பேர் கணக்கும் அவரவர் அளவில் சரி. நடுவில் பூசணம் வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

விலை நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 பருவத்தில் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் கிளிமூக்கு மாங்காய்க்குக் கட்டுப்படியான விலையில்லை என்று விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் தன் பங்காகக் கொடுக்க முன்வர வேண்டியிருந்தது. பறிகூலிக்கே யோசிக்கிறவரிடம், அடுத்த பூவுக்கு இப்போதே செலவு செய்யுங்கள் என்று வெறுங்கையோடு போய்ச் சொல்ல முடியுமா?

நம் பங்குத் தவறு

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்ல வேண்டும்.

நன்றாகப் பராமரித்த தோப்பின் பழத்துக்கும் பராமரிக்காத தோப்பின் பழத்துக்கும் மண்டியில் நாம் ஒரே விலைதான் கொடுக்கிறோம். எடுக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே மாதிரி மினுக்குகின்றன. பளபளப்புக்கும் பருமனுக்கும் விலை உண்டு. மூன்றாம் நாளும் நிற்கிற குணத்துக்கு விலை இல்லை. கத்தரித்துத் தெளித்துப் பாடுபட்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காவிட்டால் அவர் அடுத்த வருடம் ஏன் பாடுபட வேண்டும்?

மூன்றாம் நாள் கழிவு விழுகிறபோது நாம் என்ன செய்கிறோம்? மண்டியில் ஒரு மூச்சு சத்தம் போடுகிறோம். அவர் அடுத்த கிரேடில் ஏதோ தள்ளிக் கொடுக்கிறார். கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் எந்தத் தோப்புச் சரக்கில் எவ்வளவு புள்ளி விழுந்தது என்ற செய்தி தோப்புக்குத் திரும்பிப் போவதே இல்லை. பணம் மேலே போகிறது, பழம் கீழே வருகிறது, செய்தி மட்டும் நடுவழியில் செத்துப்போகிறது. கடைக்காரன் நட்டம் தோப்புக்காரருக்குத் தெரியாது. தோப்புக்காரர் கஷ்டம் கடைக்காரனுக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் லாரி நம் பூவிருந்தவல்லியைத் தாண்டித்தான் கோயம்பேடு போகிறது. நம் வாசலைக் கடந்து போன பழத்தை, மறுநாள் விடியுமுன் நாம் கோயம்பேடு போய் எடுத்து, மினி வேனில் ஏற்றி, அதே வழியில் திருப்பிக் கொண்டுவருகிறோம். அது எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

வெளிநாட்டுக்குப் போகிற பழத்தின் நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டு மே முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது நினைவிருக்கும். பழ ஈதான் காரணம். 2015 தொடக்கத்தில்தான் அந்தத் தடை விலகியது. இன்று ஏற்றுமதியாகும் மாம்பழத்துக்குத் தோப்பையே பதிவு செய்கிறார்கள். அபீடா நிறுவனத்தின் மேங்கோநெட் என்ற ஏற்பாட்டில் பழம் எந்தத் தோப்பில் விளைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியும். ஆக, லண்டனில் விற்கும் பழத்துக்கு முகவரி உண்டு. கரையான்சாவடியில் விற்கும் பழத்துக்கு முகவரி கிடையாது. நம் ஊர் மக்கள் கொடுப்பதும் காசுதானே?

நாம் செய்யக் கூடியவை

பெரிய திட்டம் எதையும் நான் சொல்லவில்லை. நம் கைக்கு எட்டுகிற நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, கழிவுச் சிட்டை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மண்டி, கிரேடில் உள்ள குறியீடு, எடுத்த எடை, மூன்றாம் நாள் புள்ளி விழுந்த எடை. இவ்வளவுதான். காம்பழுகலையும் பழ ஈயையும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். சென்ற பருவத்தின் கடைசி ஐந்து வாரம் நான் எழுதிப் பார்த்தேன். ஒரே விலைக்கு எடுத்த இரண்டு குறியீட்டுச் சரக்கில், ஒன்றில் கழிவு மற்றதைப்போல மூன்று மடங்கு. அதை எழுதுமுன் இரண்டும் எனக்கு ஒன்றுதான். சிட்டையைக் காட்டிய பிறகு மண்டிக்காரர் என் கூரையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவரும் வியாபாரிதானே, எண்ணைப் பார்த்தால் புரியும்.

இரண்டாவது, கூட்டுக் கொள்முதல். கரையான்சாவடி, குமணன்சாவடி, பூவிருந்தவல்லிக் கடைக்காரர்களில் பத்துப் பேர் சேர்ந்தாலே பருவ நாட்களில் நாளொன்றுக்குக் கணிசமான சரக்கு போகும். அறுவடைக்குப் பின் கத்தரித்து, அலுவலர் சொன்னபடி தெளித்து, தெளித்த தேதியை எழுதிவைக்கிற ஒரு தோப்புக்காரரோடு, பூக்குமுன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் என்ன? என் கணக்கில் அறுபது கிலோவில் பதினான்கு கிலோ போயிற்று. அதில் பாதி மிச்சமானாலே கூடுதல் விலையைக் கொடுத்து மேலும் மிஞ்சும்.

மூன்றாவது, சங்கத்தின் வேலை. தீபாவளி வியாபாரம் முடிந்து பொங்கல் சரக்கு வருமுன் கிடைக்கிற இடைவெளியில் ஒரு கூட்டம் போட வேண்டும். தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரையும், உணவுப் பாதுகாப்பு அலுவலரையும், மண்டிக்காரர்களையும், இரண்டு மூன்று தோப்புக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். மே மாதம் சோதனைக்கு வரும்போதுதான் அதிகாரி முகத்தைப் பார்ப்பது என்ற நிலை நமக்கு நல்லதில்லை. எத்திலீன் அறை வைத்து முறையாகப் பழுக்க வைக்கிறவர்கள் பட்டியலும் சங்கத்தில் இருக்க வேண்டும். கல் வைக்கிறவரிடம் உறுப்பினர் யாரும் சரக்கு எடுப்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும்.

நான்காவது, கடைக்குள் நம் பக்குவம். பழம் வந்ததும் கிரேடைத் திறந்து காற்றாட விடுங்கள். மூட்டம் போட்ட அறையில் அடுக்கினால் வேர்த்து ஈரம் கோக்கும். பூசணத்துக்கு அது விருந்து. பார்வைக்குப் பளபளக்கட்டும் என்று தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள். காலை மாலை இரண்டு வேளையும் புரட்டிப் பார்த்துப் புள்ளி கண்டதைத் தனியே எடுங்கள். காயைக் கடுங்குளிரில் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் மாங்காயின் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமல் போகும். புள்ளி தோலோடு நிற்கிற பழத்தைப் புள்ளிப் பழம் என்று சொல்லியே அன்றைக்கே குறைந்த விலைக்குக் கொடுங்கள். சதைக்குள் இறங்கியதைக் கழித்துவிடுங்கள். கலந்து விற்றால் இரண்டு கிலோ லாபம் பார்த்து ஒரு குடும்பத்து வாடிக்கையை இழப்போம்.

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, இனிமேல் ஒரு புள்ளிகூட இல்லாத பழம்தான் வேண்டும் என்று மண்டியில் நாம் பிடிவாதம் பிடித்தால் அதுவும் ஆபத்து. அப்படிக் கேட்டால் மருந்தில் குளித்த பழம்தான் வந்து சேரும். குச்சியை வெட்டுவதைவிட மருந்தை அடிப்பது சுலபம். கடைசி நேரத்தில் அடிப்பது இன்னும் சுலபம். நாம் கேட்க வேண்டியது கத்தரித்த தோப்பும், எழுதி வைத்த தேதியும், பால் வடித்த காயும். ஒன்றிரண்டு புள்ளி இயற்கை. அதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

"இது விவசாயி பார்க்க வேண்டிய வேலை, நமக்கெதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். பூசணத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. தோப்பில் ஏறுகிறது, லாரியில் வருகிறது, நம் கடையில் இறங்குகிறது. நட்டத்தைச் சுமக்கிறவன், நட்டம் பிறக்கிற இடத்தைப் பற்றிப் பேசவும் உரிமை உள்ளவன். அதுவும் இன்றைக்குப் பெரிய நிறுவனங்களின் கடைகள் தோப்புக்காரரிடம் நேரடியாகப் பேசிக் கொள்முதல் செய்யும் காலத்தில், நாம் மட்டும் பளபளப்பைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தால், நல்ல பழம் அவர்கள் பக்கமும் புள்ளிப் பழம் நம் பக்கமும் ஒதுங்கும்.

அந்த அம்மா பிறகு வந்தாரா என்று கேட்பீர்கள். மாதச் சாமானுக்கு வந்தார். ஆடி மாதம் நீலம் பழம் வந்திருந்த சமயம். பழக்கூடைப் பக்கம் திரும்பவில்லை. நானே கூப்பிட்டு, காம்பிலிருந்து தாரை வழிந்த ஒரு பழத்தை எடுத்து அவர் முன்னாலேயே அறுத்துக் காட்டினேன். புள்ளி தோலோடு நின்றிருந்தது. சதை மஞ்சளாக, நல்ல மணத்தோடு இருந்தது. இது கல்லால் வந்ததில்லை, பூக்கும்போது விழுந்த மழையால் வந்தது என்று இரண்டு நிமிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படின்னா இது எந்த ஊர்ப் பழம் அண்ணாச்சி? அந்தத் தோப்புல சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அடுத்த பருவத்தில் அந்தக் கேள்விக்கு நம் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் பதில் இருக்க வேண்டும். அதற்கான வேலை கிரேடு வந்து இறங்கும் மே மாதத்தில் தொடங்குவதல்ல. மரம் பூக்குமுன்பே தொடங்க வேண்டியது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி நிர்வாகிகளைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும்போது ஆளுக்கொரு கழிவுச் சிட்டையோடு வாருங்கள்.